தங்கச்சியின் பாட்டு இருந்த டிரைவ்

எங்கள் வீட்டு விளையாட்டுப் பெட்டி வெள்ளை நிறம். ரீவிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் போல நிமிர்ந்து நிற்கும். அதன் றிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பந்து உருட்டுவது போலக் கையை வீசினால், திரையில் ஒரு பந்து உருண்டு போய்ப் பத்துக் கட்டைகளை விழுத்தும். வெள்ளவத்தையில் இரண்டு கிழவிகள் மட்டும் இருக்கிற மாடிவீட்டில் இந்தச் சாமானுக்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மருந்து என்று சொல்லுவேன். அது உண்மைதான்.

என் தங்கச்சி கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடம் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவள். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு என்னோடு வந்து இருக்கிறாள். அவளுடைய மனுசனும் இல்லை, என்னுடையவரும் இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. தாளம் போட்ட கை கொடியில் போட்ட துவாயைப் போலத் தொங்கியது. அப்பியாசம் செய்விக்க வந்த பெண்தான் இந்தப் பெட்டியை வாங்கச் சொன்னவள். கையை வீசுங்கோ, வீசுங்கோ என்று அவள் நூறு தரம் கெஞ்சியும் வீசாத தங்கச்சி, கட்டை விழவேண்டும் என்றதும் வீசினாள். அரை வருடத்தில் அந்தக் கை தோளுக்கு மேலே போனது.

பிறகு ஒருநாள் பெட்டி விளையாட்டுத் தட்டுகளை, அந்த வட்ட டிஸ்குகளை, வாசிப்பதை நிறுத்திவிட்டது. தட்டைப் போட்டால் கறகற என்று சத்தம் போட்டுத் துப்பிவிடும். காலி வீதியில் திருத்துகிற கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தட்டை வாசிக்கிற கண் செத்துப்போய்விட்டது, இந்த மாதிரிப் பெட்டி இப்போது செய்வதும் இல்லை, கண்ணும் வராது என்றார். இரண்டு கிழமை தங்கச்சி கதிரையில் இருந்தபடி அணைந்த ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மறுபடி கீழே இறங்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. சோற்றுக் கரண்டியை அவள் இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

முன்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம், தாயும் மகளும். மகளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணினி வேலை. கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், எழுதத் தெரியாது. படித்தது முழுக்க ஆங்கிலத்தில். அவள்தான் வழி சொன்னாள்.

"தட்டே தேவல்ல ஆன்ட்டி. ஒரு சின்ன மெமரி காட்ல வேற சொஃப்ட்வெயார் ஒண்டு போட்டு இதுக்குள்ள ஏத்தலாம். ஹோம்ப்ரூ என்டு சொல்றது. கம்பனி செஞ்சது இல்ல, ஆசைக்கு ஆக்கள் ஊட்டுல ஈந்து செஞ்சி சும்மா குடுக்கிறது. அது ஏறினா உங்கட தட்டுல ஈக்கிறதெல்லாம் ஒரு டிரைவ்ல போட்டு அதுலீந்தே விளையாடலாம்."

"கடைச் சாப்பாடு இல்லை, வீட்டுச் சமையல்" என்றாள் தங்கச்சி.

"அதே தான் டீச்சர். ஆனா புது டிரைவ் ஒண்டு வேணும். பெட்டிக்குப் பிடிச்ச மாதிரி அத ஃபோமட் பண்ணணும். பண்ணினா அதுல ஈக்கிறது எல்லாம் போயிரும்."

புது டிரைவை அவளே வாங்கி வந்தாள். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். தங்கச்சியிடம் ஏற்கெனவே அதே மாதிரி ஒன்று இருந்தது. அதுவும் கறுப்பு, அதே அளவு, அதே கம்பனி. அதற்குள் அவளுடைய பாட்டுகள் இருந்தன. பழைய கசெற்றுகளில் இருந்ததையும் மாணவிகள் ஃபோனில் பிடித்ததையும் கோவில் கச்சேரிகளையும் ஒரு மாணவி வருடக்கணக்காகச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தது. தங்கச்சியின் குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அதற்குள்தான். அவள் அதை அடிக்கடி கேட்பதில்லை. அலுமாரியில் இருக்கிறது என்பதே அவளுக்குப் போதும்.

இரண்டும் மாறிப்போய்விடக் கூடாது என்று அந்தப் பிள்ளை பாட்டு இருந்த டிரைவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, இதைத் தொடவேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். நான் அப்போது சந்தையில் நின்றேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இப்படி மெல்ல மெல்ல எழுதவும் செய்வேன். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் தெரியாது என்று எழுபத்தைந்து வயது வரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் மனுசன் கந்தோரில் பெரிய கிளார்க். அவருடைய பெண்சாதிக்குத் தெரியாமல் இருக்குமா என்று மற்றவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். கட்டிய பிறகு அவர் சொல்லித் தந்திருப்பார் என்று தங்கச்சியும் நினைத்தாள். நான் நினைக்கவிட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் சிறிது நேரம் நிற்பேன். தலையை ஆட்டுவேன். "என்னவாம் அக்கா?" என்று மேலே வந்ததும் தங்கச்சி கேட்டால், "வழமையான கதைதான்" என்பேன். ஒருதரம் அந்த வழமையான கதை தண்ணீர் வெட்டு. கட்டடம் முழுக்க வாளிகள் நிரம்பியிருந்தன, எங்கள் வீட்டு வாளிகள் மட்டும் காய்ந்து கிடந்தன. மறந்துபோய்விட்டேன் என்று சொல்லித் தப்பினேன். மறதி வயதானவர்களுக்கு வருகிறது. அதில் வெட்கம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அது நவராத்திரி நேரம். சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் புத்தகம், பேனை, தையல் மெசின், தங்கச்சியின் சுருதிப் பெட்டி எல்லாம் சுவாமிக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அந்த வருடம் விளையாட்டுப் பெட்டியையும் வைக்கச் சொன்னாள் தங்கச்சி. "அதுவும் எனக்குக் கை தந்த சாமான்தானே" என்றாள். விஜயதசமி அன்று வேலையைத் தொடங்கலாம் என்றும் அவளே நாள் வைத்தாள். முன்வீட்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டு, "உங்கட நல்ல நாளிலேயே செய்வம் டீச்சர், அண்டைக்கு எனக்கும் லீவு" என்றாள்.

பூசைக்கு அடுக்கும்போது இரண்டு டிரைவும் என் கையில் வந்தன. ஒன்றில் காகிதம் ஒட்டியிருந்தது. புதுச் சாமானில் கடைக்காரன் ஒட்டிய காகிதத்தின் மேல் நாங்கள் பொட்டு வைப்பதில்லை. உரித்துத் துடைத்துவிட்டுத்தான் வைப்பது. நகத்தால் கிள்ளி உரித்தேன். பசை பிசுபிசுத்தது, ஈரத் துணியால் தேய்த்தேன். காகிதத்தில் கையால் எழுதியிருந்தது என் கண்ணில் பட்டதுதான். விலையாக்கும், இதுதான் புதுசு என்று நினைத்தேன். இரண்டு டிரைவுக்கும் அழகாகப் பொட்டு வைத்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன்.

அடுத்த நாள் காலை பத்து மணி போல அந்தப் பிள்ளை மடிக்கணினியோடு வந்தாள். தங்கச்சி குளிக்கப் போயிருந்தாள். ஒரு கையால் குளித்து முடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும். உதவிக்குப் போனால் ஏச்சு விழும். பிள்ளை மெமரி காட்டைப் பெட்டியின் முன்வாயில் செருகி, றிமோட்டால் எதையெதையோ தெரிந்தெடுத்தாள். ரீவியில் கறுப்புத் திரை வந்து வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு நீலமாகி ஒரு பட்டியல் வந்தது.

"ஏறிட்டுது ஆன்ட்டி! இனி டிரைவ். பின்னால ரெண்டு ஓட்ட ஈக்கி, இந்தப் பக்கத்துதுலதான் குத்தணும். மத்ததுல குத்தினா தெரியாது அதுக்கு. புதுச தாங்க."

நான் இரண்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவள் இரண்டையும் புரட்டிப் பார்த்தாள்.

"நான் ஒட்டின பேப்பர் எங்க?"

அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, கணினியில் குத்திப் பார்த்திருப்பாள். ஒரு நிமிட வேலை. எனக்கோ, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுவிடுவாளே என்ற பயம்.

"அது கழண்டு விழுந்திட்டுது. எது எதெண்டு எனக்குத் தெரியும். வாசிச்சுத்தானே வைச்சனான்" என்று, காகிதம் ஒட்டியிருந்ததை எடுத்து நீட்டினேன்.

அவள் குத்தினாள். டிரைவில் சின்ன வெளிச்சம் சிமிட்டத் தொடங்கியது. இதை அறிந்துகொள்ளப் பெட்டிக்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும் என்றாள். அதற்குள் முன்வீட்டிலிருந்து தாய் கூப்பிட்டார், சமையல் காஸ் முடிந்துவிட்டதாம்.

"ஆன்ட்டி, இந்தா வாறேன். இப்ப ஸ்கிரீன்ல ஒரு கேள்வி வரும். வெறும் டிரைவ் என்டு ஈந்திச்சென்டா இந்தப் பெரிய பட்டன அமத்துங்க. உள்ளுக்கு ஏதும் ஈக்கிதென்டு வந்தா தொட வாணாம், என்னக் கூப்பிடுங்க. வாசிச்சிப் பாத்திட்டு அமத்துங்க, சரியா?"

"நீர் போயிட்டு வாரும் பிள்ளை. எனக்குச் சொல்லித் தரவேணுமே?"

நான் சொன்ன சொல் இதுதான். இன்றைக்கும் காதுக்குள் கேட்கிறது.

கேள்வி வந்தது. நாலு வரி. ஒரு வரி மட்டும் சிவப்பு. சிவப்பு என்பது மூடருக்கும் விளங்குகிற நிறம். நான் அதைப் பார்த்தேன். அவளைக் கூப்பிடலாம். கூப்பிட்டால், "என்ன போட்டிருக்கு ஆன்ட்டி?" என்று கதவடியில் நின்றே கேட்பாள். மாடி முழுக்கக் கேட்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லிஃப்டுக்கு முன்னால் நிற்கிற மாதிரியே நின்று, தலையை ஆட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

பிள்ளை திரும்பி வந்தபோது திரையில் வேறு ஏதோ இருந்தது. "முடிஞ்சா? வெறும் டிரைவ் என்டுதானே வந்திச்சி?" என்றாள். ஓம் என்றேன். அவள் கணினியில் மாட்டி விளையாட்டுகளை ஏற்றத் தொடங்கினாள். நான் மற்ற டிரைவை அலுமாரியில் வைக்கக் கொண்டுபோனேன். வயர் செருகுகிற வாயில் விரல் பட்டபோது ஏதோ வழுக்கியது. கடையில் இருந்து வரும்போது போட்டிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் மூடி. ஒருவரும் இன்னும் கழற்றவில்லை.

கையில் இருந்ததுதான் புதுசு. அது எனக்கு அன்றைக்கே, அந்த நிமிடமே தெரியும். பின்னால் தெரியவந்தது என்று எழுதினால் எனக்குச் சுகம். அப்படி இல்லை.

நகத்தால் அந்த மூடியைக் கழற்றி, குப்பையில் போட்டுவிட்டு, டிரைவை அலுமாரியில் வைத்தேன்.

வெளியே வந்தபோது தங்கச்சி ஈரத்தலையோடு றிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கிழமைக்குப் பிறகு வலக்கையை வீசினாள். பத்துக் கட்டையும் விழுந்தன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போக, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "அக்கா, பாத்தீங்களே!" என்றாள். பிள்ளை கை தட்டினாள். நானும் தட்டினேன்.

மூன்று கிழமை அப்படிப் போனது. தங்கச்சி இன்னும் விளையாட்டுக் கேட்டாள். ரெனிஸ் வேண்டும், மீன் பிடிக்கிறது வேண்டும் என்றாள். பிள்ளை சனிக்கிழமைகளில் வந்து ஏற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு தரமும் அந்தச் சின்ன வெளிச்சம் சிமிட்டும். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு நிற்பேன்.

பிறகு லண்டனில் இருக்கும் ஒரு பழைய மாணவி, தன் மகளின் அரங்கேற்றத்துக்கு என்று ரீச்சர் பாடிய ஒரு பாட்டைக் கேட்டு ஃபோன் எடுத்தாள். தங்கச்சி சந்தோசமாகப் பிள்ளையைக் கூப்பிட்டு அலுமாரி டிரைவைக் கொடுத்தாள். பிள்ளை கணினியில் குத்தினாள். பார்த்தாள். கழற்றித் திரும்பவும் குத்தினாள். அவளுடைய முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"டீச்சர், இது புதுசு."

தங்கச்சிக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு கத்தவில்லை. மெல்லச் சொன்னாள். "என்ர குரலை அழிச்சுப்போட்டு அதுக்கு மேல மீன் பிடிக்க விட்டிருக்கிறீர்."

பிள்ளை அழுதுகொண்டு போனாள். அவள் என்னைப் பார்த்தாள்தான். நான் ரீவியில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

அன்றிலிருந்து தங்கச்சி பெட்டியைத் தொடவில்லை. அடுத்த வெள்ளி பிள்ளையின் தாய் ஒரு தட்டில் வட்டிலப்ப இனிப்புக் கொடுத்துவிட்டார். எங்கள் மாடியில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இல்லை. வாழைப்பழமாவது, ஒரு கை சீனியாவது வைத்துத்தான் கொடுப்போம். தங்கச்சி தட்டைக் கழுவித் துடைத்து என் கையில் தந்தாள்.

"இதைக் குடுத்திட்டு வாங்கோ. ஒண்டும் வைக்க வேண்டாம்."

"தாய் என்ன பிழை செய்தவ?"

"மகளுக்கு விளங்கட்டும். அவசரத்தில செய்யிற வேலை. அவளை நம்பினது என்ர பிழை."

அந்த வெறும் தட்டை நான்தான் கொண்டுபோனேன். நாலு அடி தூரம். பிள்ளை கதவைத் திறந்து தட்டைப் பார்த்தாள். பிறகு, "ஆன்ட்டி, அண்டைக்கு ஸ்கிரீன்ல வெறும் டிரைவ் என்டுதானே ஈந்திச்சி? நீங்க வாசிச்சீங்க தானே?" என்று கேட்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஓம் பிள்ளை. அப்பிடித்தான் இருந்தது."

"அப்ப நான்தான் பேப்பர பிழையா மாத்தி ஒட்டியிருப்பேன். ராத்திரி தூக்கமும் வரல்ல ஆன்ட்டி, யோசிச்சி யோசிச்சி."

பொய்யை நம்பி அவள் தன்னைத்தானே குற்றவாளி ஆக்கிக்கொண்டாள். நான் திரும்பி வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அழிந்ததை எடுத்துக் கொடுக்கிற கடை ஒன்று பம்பலப்பிட்டியில் இருக்கிறதாம். பிள்ளை டிரைவைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனாள். பத்து நாளைக்குப் பிறகு வந்தாள். தங்கச்சி கதிரையில் இருந்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிள்ளை நிலத்தில் முழங்காலிட்டுக் கணினியைத் திறந்தாள்.

"கொஞ்சம்தான் எடுக்கேலுமாம் டீச்சர். ஃபோமட் பண்ணினதால மட்டும் அழியாதாம். அதுக்கு மேல ஒவ்வொண்டா ஏத்தினதாலதான். அண்டைக்கே நிப்பாட்டிக் கொண்டு போயிருந்தா முழுசா எடுத்திருக்கலாமாம்."

அவள் ஒன்றைப் போட்டாள். சுருதிப் பெட்டியின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். ஒருவர் மூச்சு எடுப்பது கேட்டது. பாட வாயைத் திறக்கிறபோது எடுக்கிற மூச்சு. அதோடு நின்றுவிட்டது.

"இன்னொருக்காப் போடும்" என்றாள் தங்கச்சி. அதே மூச்சு. நின்றது.

பிள்ளை தங்கச்சியின் வலக்கையைப் பிடித்தாள். "என்ட பிழை டீச்சர். மன்னிச்சிக்கொள்ளுங்க."

தங்கச்சி கையை இழுத்தாள். அந்தக் கைக்கு இழுக்கப் பலம் போதவில்லை. அது பிள்ளையின் கைக்குள்ளேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அவவில பிழை இல்லை" என்றேன். "நான்தான் காகிதத்தை உரிச்சனான். நான்தான் மாத்திக் குடுத்தனான். நான்தான் அமத்தினனான்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "திரையில என்ன எழுதியிருந்தது?"

"தெரியாது."

"ஞாபகம் இல்லையோ?"

"வாசிக்கத் தெரியாது. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக அவள் வெட்கப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எப்ப தெரிஞ்சது, மாறிப்போச்செண்டு?" என்றாள் தங்கச்சி.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அதையும் சொன்னேன். அந்த பிளாஸ்டிக் மூடியைப் பற்றியும் சொன்னேன்.

நான் எழுதுகிறதைப் பிழை திருத்தித் தருகிறவள் தங்கச்சிதான். மற்றப் பக்கங்களில் எல்லாம் சிவப்புப் பேனையால் கோடு கோடாகப் போட்டிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. பிழை இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

அன்று மாலையே முன்வீட்டுக்குத் தானே நடந்து போனாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். என்னை வரவேண்டாம் என்றாள். கையில் ஒரு தட்டு இருந்தது, அதில் என்ன வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்தாள். என்னோடு ஒன்பது நாள் கதைக்கவில்லை. உப்பு வேண்டும் என்றால் கையைக் காட்டுவாள்.

பத்தாம் நாள் பிள்ளை வந்து டிரைவைப் பெட்டியின் பின்னால் குத்திவிட்டுப் போனாள். அதில் இருந்து இனி எடுக்க ஒன்றும் இல்லை, விளையாடலாம். தங்கச்சி எழுந்து றிமோட்டை எடுத்தாள். திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"பழைய விளையாட்டைத் தொடரவோ, புதுசாத் தொடங்கவோ எண்டு கேக்குது" என்று உரத்துச் சொன்னாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அது அவள் ஒன்பது நாளைக்குப் பிறகு சொன்ன முதல் சொல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். திரையில் வருகிற எல்லாவற்றையும் தமிழில் சத்தமாகச் சொல்லுவாள். என்னை மன்னித்துவிட்டாளா, குத்திக் காட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. நேற்று ஒரு விளையாட்டை அழிக்கப் பார்த்தாள். சிவப்பு வரி ஒன்று வந்தது.

"அழிச்சா திரும்பி வராதாம். நிச்சயமோ எண்டு கேக்குது அக்கா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "என்ன, அமத்தவோ?"

"உனக்குத் தெரியும்தானே" என்றேன்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்று, அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தேன். "வேண்டாம்" என்றேன். அவள் றிமோட்டைக் கீழே வைத்தாள்.